பூட்டிய கோப்புக்குத் திறந்த வீட்டில் இடம் உண்டா?

திறமூல மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இவ்வுரிமைகளை மறுக்கும் உரிமத்துடன் வரும் கோப்புகளையும் அதனுடன் சேர்த்து வழங்கலாமா? தன்னார்வலர்களால் 1993-இல் தொடங்கப்பட்ட டெபியன் இயங்குதளத் திட்டம், இக்கேள்விக்கு 2022-இல் வாக்கெடுப்பு மூலம் விடை கண்டது.

தனது தளம் முழுவதும் கட்டற்றதாகவே இருக்கும் என்று 1997-இல் வெளியிட்ட 'சமூக ஒப்பந்த'த்தில் டெபியன் உறுதியளித்திருந்தது. ஆனால், இன்றைய மடிக்கணினிகளில் வைஃபை, வரைகலை அட்டை போன்றவை இயங்கத் தயாரிப்பாளர்கள் தரும் 'ஃபர்ம்வேர்' கோப்புகள் தேவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் மூல நிரல் வெளியிடப்படுவதில்லை. அவை இல்லாததால், நிறுவலின் நடுவே பலருக்கு இணைய இணைப்பே கிடைக்கவில்லை. ஒலிக்கும் இக்கோப்பு தேவைப்படும் கணினிகளில், திரையை வாசித்துக்காட்டும் குரலை நம்பியிருக்கும் பார்வையற்றோர் தாமாகவே நிறுவ இயலாத நிலை ஏற்பட்டது.

வாக்கெடுப்பின்படி ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-இன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இக்கோப்புகள் இடம்பெற்றன. இதைக் கொள்கைச் சரிவு என்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நாமே சேர்த்துக் கொடுத்துவிட்டால், நிரலைத் திறக்குமாறு தயாரிப்பாளர்களை நெருக்குவது யார் என்று அவர்கள் கேட்கின்றனர்.

ஆயினும், மறுப்பதால் மட்டும் கணினி கட்டற்றதாகிவிடாது. பல கருவிகளில் இதே வகை மூடிய நிரல் சில்லுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கிறது. கண்ணில் படாததால் அதை எவரும் எதிர்ப்பதில்லை. வட்டு தூய்மையாக இருக்கலாம், கணினி அவ்வாறில்லை.

எனவே, சேர்ப்பதா என்பதைவிட எப்படிச் சேர்ப்பது என்பதே முக்கியம். மறுவிநியோகத்துக்கு அனுமதி இல்லாத கோப்பைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. ஜிபிஎல் உரிமமும், தனித்தனி நிரல்களை ஒரே வட்டில் அருகருகே வைக்க அனுமதிக்கிறதே தவிர, மூடிய நிரலைத் தன்னுடன் ஒரே மென்பொருளாகப் பிணைக்க அனுமதிப்பதில்லை. டெபியன் இக்கோப்புகளைத் தனிப் பிரிவில் வைத்தது. எவை ஏற்றப்பட்டன எனப் பயனருக்குத் தெரிவிக்கவும், வேண்டாதோர் தவிர்க்கவும் வழிசெய்தது. மறைக்காத சமரசம் நம்பிக்கையைக் குலைப்பதில்லை.

மைய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால், இவ்விவாதம் நமக்கும் அந்நியமன்று. தயாரிப்பாளர்களை நெருக்கும் வலிமை தன்னார்வலர்களைவிட, மொத்தமாகக் கணினி வாங்கும் அரசுகளுக்கே அதிகம். ஃபர்ம்வேரின் மூல நிரலை வெளியிடும் கருவிகளுக்கு முன்னுரிமை என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை சேர்த்தால், பூட்டு திறக்கத் தொடங்கும்.