எப்படி வேகணும்?

அமெரிக்க உணவகங்களில் ஸ்டேக் ஆர்டர் செய்தால், பரிமாறுபவர் உடனே கேட்பது, "எப்படி வேகணும்?" தடிமனான மாட்டிறைச்சித் துண்டு அது. உள்ளே நல்ல சிவப்பு என்றால் 'ரேர்', இளஞ்சிவப்பு என்றால் 'மீடியம்', சிவப்பே தெரியாவிட்டால் 'வெல் டன்'. கேட்பதென்னவோ கேட்கிறார்கள். 'வெல் டன்' என்றால் சில சமையல்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும்!

சமையல்காரர் ஆந்தனி போர்டெய்ன், 2000-ல் வந்த 'கிச்சன் கான்ஃபிடென்ஷியல்' புத்தகத்தில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்தார். சுமாரான துண்டுகளை 'வெல் டன்' கேட்பவருக்கென்றே எடுத்துவைப்பது பழைய வழக்கமாம். நன்றாக வெந்தபின் வித்தியாசம் தெரியாதே! கொடுப்பது அதே விலை. இது அநியாயம் இல்லையா?

அதிகம் வெந்தால் சாறு வற்றி ரப்பராகிவிடும் என்பது உண்மைதான். அதை ஒருமுறை சொல்லலாம். பிறகு கேட்டபடி சமைத்துத் தர வேண்டியதுதான். கசியும் சிவப்பு ரத்தமல்ல, மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். ஆனாலும், பார்த்தாலே குமட்டுபவரிடம் பாடம் நடத்தி என்ன பயன்?

அரைத்த இறைச்சி விஷயம் மட்டும் வேறு. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கல்லின் சூட்டில் செத்துவிடும். அரைத்தால் உள்ளே வரை கலந்துவிடும். அதனால்தான் ஸ்டேக்குக்கு 63 டிகிரி செல்சியஸ் சொல்லும் அமெரிக்க வேளாண் துறை, அரைத்ததற்கு 71 கேட்கிறது. 'ரேர்' ஸ்டேக் அந்த 63-ஐயும் தொடுவதில்லை; கர்ப்பிணிகளும் முதியவர்களும் தவிர்ப்பது நல்லது. பர்கரை யாராவது 'ரேர்' கேட்டால், சமையல்காரர் தாராளமாக மறுக்கலாம்.