கிளினிக் கொப்பியின் முதற்பக்கம்

மஹரகமை அபேக்ஷா வைத்தியசாலையில் புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை முடித்துப் பூனாகலை லயத்துக்குத் திரும்பும் முதியவரிடம், நோய் மீண்டும் தலையெடுக்கிறதா என்பதை யாவற்றுக்கும் முன்னதாக உணர்த்தவல்லது பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையே என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதன் பெறுமதி தனித்த ஓர் எண்ணில் இல்லாமல், முந்திய எண்களோடு ஒப்பிடுவதிலேயே இருக்கிறது என்பதையும், அந்த முந்திய எண்கள் மலைநாட்டில் எத்தனை எளிதாகத் தொலைந்துபோகின்றன என்பதையும் போதிய சிரத்தையோடு சிந்தித்தோமா என்பது சந்தேகமே.

சுரப்பியை முற்றாக அகற்றியவரிடம் ஆறு வாரங்களில் அளவிட முடியாதபடி இறங்கிவிட வேண்டிய பி.எஸ்.ஏ., பின்னர் மில்லிலீற்றருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறுபரிசோதனையிலும் அப்படியே நின்றால் நோய் மீண்டதாகக் கொள்கிறோம். கதிர்ச்சிகிச்சை பெற்றவரிடமோ, அவர் எட்டிய மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 நானோகிராம் ஏறுவதே எல்லை. ஆகவே 1.5 என்று எழுதிய ஒரே துண்டு ஒருவருக்கு அபாயம், மற்றவருக்கு ஆறுதல். கதிர்ச்சிகிச்சைக்குப் பின் முதல் சில ஆண்டுகளில் தானாகவே சற்று ஏறித் தானாகவே இறங்குவதும் உண்டு. இவற்றோடு, ஒரு முறை பதுளையிலும் மறுமுறை பண்டாரவளைத் தனியார் ஆய்வுகூடத்திலும் வெவ்வேறு முறைகளால் அளந்த எண்களை அருகருகே வைத்தால், ஏற்றம் நோயினுடையதா கருவியினுடையதா என்று யார் நிர்ணயிப்பது?

இன்னொரு விஷயம் எம்மை இதனிலும் அதிகம் கவலைப்படுத்துகிறது. ஆயுள் முழுவதும் கவ்வாத்து வெட்டியும் கான் வெட்டியும் உழைத்த மனிதர் முதுகு வலிக்கிறது என்றால், தோட்ட டிஸ்பென்சரியில் மாத்திரையும் தைலமும் கிடைப்பது இயல்பு. ஆனால் புரோஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கு விரும்பிப் பரவுவது. வலியோடு கால்கள் தளர்ந்து படி இறங்கத் தடுமாறினாலோ சிறுநீர் அடைபட்டாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க விடாமல் அன்றே அனுப்பவேண்டும். நடை அற்றுப்போன பின் தொடங்கும் சிகிச்சை அதை மீட்பது அரிது.

ஆதலால், விடுவிக்கும்போதே கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிகிச்சையின் வகையும் தேதியும், எட்டிய மிகக் குறைந்த அளவும், அளந்த ஆய்வுகூடமும், எந்த எண்ணைத் தாண்டினால் உடனே திரும்பி வரவேண்டும் என்பதும் தமிழில் எழுதப்படவேண்டும் என்பது எமது திடமான அபிப்பிராயம். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண்சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்ததை நாம் அறிவோம். அத்தகைய சரிவில் நிற்கும் வீட்டின் தகரப்பெட்டியில் மட்டும் அக்கொப்பி இருத்தல் போதாது, பிரதியொன்று டிஸ்பென்சரியிலும் வேண்டும். நிலை சீராக உள்ளவருக்கு மூன்றாண்டுவரை ஆறுமாதத்துக்கு ஒருமுறையும் பின்னர் ஆண்டுக்கொருமுறையும் பரிசோதனை போதுமாகையால், மகனொருவன் நாட்சம்பளத்தை இழந்து தந்தையை அழைத்துச் செல்வதற்குப் பதிலாக, இரத்தத்தை அருகிலுள்ள வைத்தியசாலையில் எடுத்து, குழாயை மட்டும் ஒரே ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை ஊவா மாகாணத்து வைத்தியர்கள் இவ்வாண்டே தொடங்குமாறு வேண்டுகிறோம்.