குளோரின் வேண்டாமா? கணக்குப் போட்டுப் பேசுவோம்!



"டேங்க் தண்ணியில போடற மருந்தால கேன்சர் வருமாம்" என்ற பேச்சு எங்கள் வல்லம் பக்கத்து டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. இதைச் சொல்லியே கேன் தண்ணீர் விற்கிறவர்களும் உண்டு. பாதி உண்மையை வைத்து முழு பயத்தைக் கிளப்புகிறார்கள் என்பது என் கருத்து.

அந்தப் பாதி உண்மை என்ன? 1974-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ரூக் என்ற வேதியியலாளர், குளோரின் கலந்த குடிநீரில் குளோரோஃபார்ம் உண்டாவதை எழுதினார். ஆமாம், பழைய சினிமாவில் வில்லன் கைக்குட்டையில் நனைத்துக் கதாநாயகி மூக்கில் வைப்பானே, அதேதான்! ஆனால் இங்கே லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு. இலை தழை மக்கி நீரில் கரைந்த கரிமப் பொருளோடு குளோரின் வினைபுரிவதால் வருவது. இந்தக் குடும்பத்துக்கு டிரைஹாலோமீத்தேன் என்று பெயர். பல வருஷம் குடித்தால் ஆபத்து வரலாம் என்ற சந்தேகத்தில் அமெரிக்கா 1979-ல் மொத்தமாக 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. பிறகு 80 ஆக்கியது. நம் ஐ.எஸ். 10500 (2012) குளோரோஃபார்முக்கு 0.2 மில்லிகிராம் என்கிறது.

இதை அளக்க கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின் வேண்டும். ஊராட்சி அதற்கு எங்கே போகும்? அதனால்தான் முன்கூட்டியே கணிக்கும் சூத்திரங்கள் வந்தன. 1987-ல் அமெரிக்காவில் ஏமி குழுவினர் வெளியிட்டது பிரபலம். கரிமப் பொருள், குளோரின் அளவு, நேரம், வெப்பம், பி.எச்., புரோமைடு ஆகியவற்றைப் போட்டால் விடை வரும். அடுக்கு எண்களைக் கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். குளோரினுக்கு அடுக்கு 0.409. அதாவது குளோரினைப் பாதியாக்கினால் டிரைஹாலோமீத்தேன் கால் பங்குதான் குறையும். கரிமப் பொருளைப் பாதியாக்கினாலோ கிட்டத்தட்ட பாதி குறைகிறது! வெப்பத்துக்கு அடுக்கு 1.06; 15 டிகிரி தண்ணீர் 30 டிகிரி ஆனால் இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்போ சொல்லுங்க, எதைக் குறைக்கணும்? மருந்தையா, தொட்டி அடியில் படிந்த சேற்றையா? மருந்தைக் குறைத்தால் மிச்சமாவது கால் பங்கு. வருவதோ வாந்திபேதி.

எங்கள் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவன் நான். மூன்றாம் செமஸ்டர் முடிப்பதற்குள் தெருவே என்னை இஞ்சினீயர் ஆக்கிவிட்டது. வாடை பிடிக்காமல் கிணற்றுத் தண்ணீருக்கே திரும்பிவிட்ட அம்மா, "நீதான் படிக்கிறியே, குடிக்கலாமா கூடாதா?" என்கிறார். "குடிக்கலாம்மா" என்றேன். எங்கள் பக்கம் பாறைப் பூமி, போர் தண்ணீர். அதில் கரிமப் பொருள் பொதுவாகக் குறைவு. ஏரித் தண்ணீர்தான் கவனிக்க வேண்டியது. வீராணம் ஏரி நீர் 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்குப் போகிறது. அங்கே நேரமும் கணக்கில் சேரும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்தச் சூத்திரம் அமெரிக்கத் தண்ணீரை வைத்துப் போட்டது. மே மாதம் மதியம் நம் டேங்க் குழாயைத் திறந்தால் கை சுடும். அந்தச் சூட்டுக்கு அது அப்படியே பொருந்துமா? நம் எண்களை நாம்தான் கண்டுபிடிக்கணும்.

அதுவரை பிளீச்சிங் பவுடரைக் கைப்பிடி கணக்கில் போடாமல் இருந்தாலே போதும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 2 பி.பி.எம். வேண்டுமென்றால் 60 கிராம் குளோரின். 33 சதவீதப் பவுடரில் சுமார் 180 கிராம். மூட்டை திறந்து கிடந்து வீரியம் 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 400 கிராம். குழாய் முனையில் 0.2 மில்லிகிராம் மிச்சம் நிற்கிறதா என்பதைக் குளோரோஸ்கோப் இரண்டு நிமிஷத்தில் காட்டிவிடும்.

இறுதியாண்டு பிராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் சிவில் நண்பர்களே! பத்து ஊர் தொட்டி, ஒரு தெர்மாமீட்டர், பி.எச். தாள், ஒரு குளோரோஸ்கோப், ஒரு நோட்டு. தையிலிருந்து ஆனி வரை வாரம் ஒரு முறை எழுதுங்கள். மே மாதம் மட்டும் நாலைந்து பாட்டிலை மெஷின் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பத் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்க நானும் கூட வருகிறேன்.