புஸ்தகம் யாருடைய சொத்து?

காகிதப் புஸ்தகத்தின் ஆயுள் முடிந்துவிட்டதென்று ஒரு கட்சியாரும், யந்திரத்தில் படிப்பது படிப்பே ஆகாதென்று மற்றொரு கட்சியாரும் சில வருஷங்களாக வாதாடி வருகின்றனர். இரு சாராரும் கவனியாது விட்ட விஷயம் ஒன்றுண்டு. விலை கொடுத்து வாங்கிய நூல் வாங்கியவனுக்குச் சொந்தமா என்பதே அது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையை மனத்திற்கொண்டு இதை ஆராய விரும்புகிறோம். காரணம் பின்னர் விளங்கும்.

யந்திரத்துக்குரிய நியாயத்தை முதலில் செய்துவிடுவோம். 2007-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் அமேசான் கம்பெனியார் கிண்டில் என்னும் வாசிப்புக் கருவியை 399 டாலர் விலைக்கு வெளியிட்டனர். அதன் முகப்பு கைபேசியைப் போல் கண்ணில் ஒளியை வீசுவதன்று. காகிதம்போல் வெளிச்சத்தை வாங்கி எழுத்தைக் காட்டுவது. பக்கம் மாறும்போதுதான் முகப்புக்கு மின்சாரம் வேண்டுமாதலால், ஒருமுறை ஊட்டிய சக்தி பல நாட்களுக்குத் தாங்குகிறது. பார்வை மங்கிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். ஆயிரம் நூல்கள் ஒரு சிலேட்டின் கனத்தில் அடங்குகின்றன. 2016-ஆம் வருஷக் கடைசியில் தமிழ் நூல்களும் அதில் ஏறின. பிரசுரகர்த்தரின் வாசலில் காத்துக் கிடக்காமலே புதிய எழுத்தாளர் தம் நூலை வெளியிட வழி பிறந்தது. மலைப்பாதையின் வளைவுகளெல்லாம் ஏறிப் புஸ்தக மூட்டை போய்ச் சேரவேண்டிய வெள்ளிமலை போன்ற ஊருக்கு இவை அற்ப நன்மைகள் அல்ல.

ஆனால் 2009-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நடந்ததை நேயர்கள் அறிய வேண்டும். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நூல்களைப் பலர் பணங்கொடுத்து வாங்கித் தம் கருவிகளில் வைத்திருந்தனர். விற்றவருக்கு உரிமையில்லை எனத் தெரிந்ததும், அமேசான் கம்பெனியார் எங்கோ இருந்தபடியே அந்நூல்களை அத்தனை கருவிகளிலிருந்தும் அழித்துவிட்டனர். (ஆர்வெல் பிறந்தது நம் பீஹாரிலுள்ள மோதிஹாரியில், அழிக்கப்பட்டவற்றில் ஒன்று, அச்சான எழுத்தை அரசாங்கம் நினைத்தபோது மாற்றும் கொடுமையைப் பற்றியது! இதைவிடப் பொருத்தமான நூலைத் தேடிப் பிடிக்கவும் முடியாது.) பணம் திருப்பித் தரப்பட்டது, கம்பெனியின் தலைவர் மன்னிப்பும் கேட்டார். எனினும் பூட்டின் சாவி யார் கையில் என்பது அன்று வெளியாகிவிட்டது. 2019-இல் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் தம் மின்னூல் கடையை மூடியபோது வாங்கினவர் நூல்களெல்லாம் கடையோடு போயின. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு அங்கிருந்து கருவிக்கு மாற்றும் வசதியை 2025-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அமேசான் நிறுத்திவிட்டது.

இந்த ஏற்பாடு எதைப்போன்றது என்று கல்வராயன் மலையிலுள்ள வயோதிகர்களைக் கேட்டால் சொல்வார்கள். சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழிக்க 1948-இலேயே சட்டம் பிறந்தது. அம்மலையிலோ ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரையில் நீடித்தது. தேசம் சுதந்திரமடைந்து ஏறக்குறைய முப்பது வருஷம் வரை, உழுதவன் வேறு, நிலத்துக்கு உடையவன் வேறு என்ற நிலை. இன்று மின்னூலை வாங்குகிறவனும் ஒருவகைக் குடியானவனே. படிக்கலாம்; பிறருக்கு விற்க முடியாது; மகனுக்கு விட்டுச் செல்ல முடியாது; கடைக்காரனுக்குக் கணக்கு முடிந்தால் தனக்கும் முடிந்தது. ஒரு ஜாகீரிலிருந்து மீண்ட ஜனங்களை மற்றொன்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பதை அபிவிருத்தி என்று எவ்வாறு அழைப்பது?

தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்த வழியைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். ஓலை நிரந்தரமான பொருளன்று, செல்லரிக்கும், ஒடியும். தலைமுறைதோறும் எவரோ ஒருவர் உட்கார்ந்து பிரதி செய்ததனாலேயே நூல்கள் பிழைத்தன. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டதும் அங்ஙனம் பிழைத்த ஏடுகளைத் தேடித் தொகுத்துத்தான். பிரதி செய்தல் குற்றமென்று அக்காலத்தே ஒரு பூட்டுப் போட்டிருந்தால் ஐயருக்கு என்ன கிடைத்திருக்கும்? பூட்டிய மின்னூல் ஓலையினும் அற்பாயுசு உடையது. கரையானாவது கொஞ்சம் மிச்சம் வைக்கும்.

பூட்டில்லாத வழியும் உண்டு. அதைக் காட்டியவர்களும் தமிழரே. 1998-ஆம் வருஷம் பொங்கலன்று, ஸ்விட்ஸர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்குமுள்ள தமிழர்கள் ஊதியமின்றித் தட்டெழுதியும் பிழை திருத்தியும் பழைய நூல்களை இலவசமாக அளித்தனர். அந்நாளில் கணினியில் தமிழுக்கு ஒரே குறியீடு கிடையாது. ஓர் எழுத்துருவில் அடித்தது மற்றொன்றில் அலங்கோலமாகத் தெரியும். தஸ்கி வந்தது, பின்னர் யூனிகோட் வந்தது; கருவிகளும் எத்தனையோ வந்து போயின. நூல்கள் போகவில்லை. பூட்டின்றிப் பொதுவில் இருந்தமையால் ஒவ்வொரு முறையும் புதிய குறியீட்டுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. இன்றைக்கு எந்தக் கருவி சிறந்ததென்று கேட்டு வருஷந்தோறும் புதியது வாங்குவோர் இதைக் கவனித்தால் பணமாவது மிஞ்சும்.

நூலாசிரியன் பிழைக்க வேண்டாமா என்று ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபம். சிறு பிரசுராலயத்தார் பாடுபட்டு வெளியிட்ட நூலைப் படமெடுத்துக் கைபேசியில் ஊர் முழுதும் அனுப்பிவைக்கும் கனவான்களை நாம் ஆதரிக்கவில்லை, அது திருட்டு. உயிரோடிருக்கும் ஆசிரியரின் நூலுக்கு விலை கொடுத்தே தீரவேண்டும். விலை கொடுத்தபின் நூலை முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும் என்பதே நம் கட்சி. ஆசிரியர் இறந்து அறுபது வருஷம் கடந்த நூல்களுக்கும், சர்க்கார் நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் இந்த ஆட்சேபமே எழாது.

இனி மலைக்கு வருவோம். 2020-இல் தொற்றுநோயினால் பள்ளிகளை மூடிக் கைபேசி வழியே பாடம் நடத்தியபோது, அலை எட்டாத மலைக்கிராமத்துப் பிள்ளைகள் பட்ட பாட்டை நாடறியும். இணையத்தில் நூல் இருக்கிறது, எடுத்துக்கொள் என்பது அங்கே வெறும் பேச்சு. 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்நிலையத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது, ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால் 1948-ஆம் வருஷத்து நூலகச் சட்டம் வந்தது. நூல்நிலையத்துக்கென்று ஜனங்கள் வரியும் கொடுத்து வருகின்றனர். அந்த வரியிலிருந்து மலைக் கிராமங்களுக்குச் சில வாசிப்புக் கருவிகளை வாங்கி, பூட்டற்ற தமிழ் நூல்களை நூலகத்திலேயே நிரப்பி, புஸ்தகத்தை இரவல் தருவதுபோல் தருவதில் என்ன கஷ்டம்? அலை வேண்டாம், கம்பெனியாரின் கணக்கும் வேண்டாம். சிறுவர்களுக்கு மட்டும் காகிதப் புஸ்தகமே வேண்டும். படத்தைத் தொட்டும் பக்கத்தைக் கிழித்தும் பழகினாலன்றி அவர்கள் படிப்பில் இறங்கமாட்டார்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூல்கள் ஏராளமாய் இருக்கின்றன. அவற்றை வெள்ளிமலைக்கு ஏற்றிச் செல்லப் பொது நூலக இலாகா ஒரு ஜீப்பை அனுப்பினால் போதும். அந்த ஜீப் என்று புறப்படுமென்பதைக் கள்ளக்குறிச்சி ஜில்லா அதிகாரிகள் தெரிவிப்பார்களென எதிர்பார்க்கிறோம்.