கூடக் கேட்டவனுக்கு

"ஏலம் எண்டால் நல்லதுதானே தம்பி. கூடக் கேட்டவனுக்குக் குடுக்கிறான். லஞ்சமில்லை, செல்வாக்கில்லை" என்றார் எங்கள் குசினியில் கறி வைக்கிற அண்ணர். நான் தக்காளிப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தேன். மாசி மாதத்து ரொறொன்ரோவுக்குத் தக்காளி புளோரிடாவிலிருந்தும் வருகிறது. அந்தப் பெட்டியால் வந்த கதை இது.

அண்ணர் சொல்வது முழுப் பொய்யல்ல. அமெரிக்காவில் முன்பு வானொலி அனுமதிக்குப் பலர் போட்டியிட்டால் விசாரணை நடக்கும். வருடக்கணக்காக இழுபடும், சட்டத்தரணிகள் கொழுப்பார்கள். 1997இல் காங்கிரஸ் சட்டம் செய்தது: வணிக அலைவரிசைக்குப் போட்டி வந்தால் ஏலம். 2004 கார்த்திகையில் தொடங்கிய ஏலத்தில் 258 எப்.எம். அனுமதிகள் 14 கோடி டொலருக்கு மேல் போயின. கிடைப்பது நிலையம்கூட அல்ல, மூன்று வருடத்துக்குள் அதைக் கட்டுவதற்கான கடுதாசி. வேறு ஊடகம் எதுவும் கையில் இல்லாத புதியவருக்கு 35 வீதக் கழிவு உண்டாம். பத்து இலட்சத்தில் கழித்தால் மிச்சம் ஆறரை இலட்சம். கோப்பை கழுவுகிறவன் எந்தச் சீட்டைக் கூறி எடுத்து அதைக் கட்டுவது?

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் பொருளியல் படித்தேன், முடிக்கவில்லை. கூடிய விலை கொடுப்பவனே பொருளைக் கூடப் பயன்படுத்துவான் என்று அங்கே சொல்லித்தந்தார்கள். அவனிடம் காசு கூட இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் அதில் நிரூபணமாவதில்லை. கொடுத்த காசை அவன் விளம்பரத்தில்தான் எடுக்கவேண்டும். தக்காளி பிடுங்குகிறவனுக்கு எதை விளம்பரப்படுத்துவது? இத்தனைக்கும் உரிமம் பாவனைக்கே, சொந்தத்துக்கல்ல என்று 1934ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

புளோரிடாவின் இம்மொக்கலியில் தக்காளி பிடுங்குகிறவர்களுக்கு ஒரு வானொலி இருக்கிறது. 2003 மார்கழியில் அவர்களுடைய அமைப்பே தொடங்கிய றேடியோ கொன்சியன்சியா. வலு நூறு வோற்று, சில மைல் தூரம்தான் கேட்கும். ஸ்பானியம், ஹெயிட்டிக் கிறியோல், மாயன் மொழிகள் அதில் பேசுகின்றன. 2005இல் வில்மா சூறாவளி வந்தபோது அந்த மொழிகளில் எச்சரிக்கை சொன்னது அதுதான். அது ஏலத்தில் எடுத்ததல்ல. இலாபநோக்கற்றவர்களுக்கென 2000இல் கொண்டுவந்த குறைவலு அனுமதி.

அந்தத் துண்டையும் பொறுக்கவில்லை. இரைச்சல் வருமென்று பெரிய ஒலிபரப்பாளர்கள் கூக்குரலிட, அதே வருட மார்கழியில் காங்கிரஸ் குறுக்கே தடை போட்டது. அதே காங்கிரஸ் கேட்டுச் செய்வித்த ஆய்வு, பொருட்படுத்தும்படியான இடையூறு இல்லையென்று 2003இல் சொல்லிற்று. தடை நீங்கியது 2011 தையில். பத்து வருடம் பெருநகரத்து ஏழைக்கு இடமில்லை.

மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோ சுற்றி றேடியோ கேட்ட வீட்டுப் பிள்ளை நான். பெடலை மிதிக்கும்முறை என்னுடையது. எந்தப் பாதை திறந்தது, எங்கே குண்டு விழுந்தது என்று கேட்கத்தான் அவ்வளவு பாடு. அங்கே அலைவரிசையைத் துவக்கு பங்குபோட்டது. துவக்குக்குப் பதில் காசு பங்குபோட்டால் அதற்கு நியாயம் என்று பெயரா?

"அப்ப என்ன, குலுக்கிப் போடுறதே?" என்றார் அண்ணர்.

குறைவலு அனுமதிக்குப் புள்ளி போடுகிறார்கள் என்றேன். ஊரில் எவ்வளவு காலம் இருக்கிறாய், நாளுக்கு எத்தனை மணித்தியாலம் உள்ளூர் நிகழ்ச்சி செய்வாய் என்று பார்க்கிறார்கள். சமமாக வந்தால் நேரத்தைப் பங்கிடலாம்.

"அது சின்ன றேடியோவுக்குச் சரி."

பெரிசுக்கு ஏன் சரிவராது என்று கேட்டேன். அதற்குள் நாலு கொத்துறொட்டிக்கு ஓடர் வந்துவிட்டது.