அப்பாச்சியின் உறுதி

காணி உறுதியைக் கண்ணெனக் காத்து வையாத குடும்பம் எமது நாட்டில் அரிது. வீட்டுக்குக் கூரை வேய வசதியற்றவர்களும் உறுதியை மட்டும் துணியிற் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, அப்பெட்டிக்குப் பூட்டும் போட்டு வைத்திருப்பர். எல்லைகள் யாவை, எத்தனை பரப்பு, கிணற்றிற் பங்கு எவ்வளவு என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஆயின், அந்தக் காணியிற் பாடுபட்டு அதனை எமக்கு விட்டுச் சென்றவர்களின் கதையை யாராவது எழுதி வைத்திருக்கின்றோமா? இந்த வாரம் நேயர்களுடன் இதைப் பற்றியே பேச விரும்புகின்றோம். பிறர் கதையைக் கூறி உபதேசம் செய்வதிலும், எம் வீட்டுக் கதையையே கூறுவது முறையென நினைக்கின்றோம்.

எமது அப்பாச்சி 1913ஆம் ஆண்டு வலிகாமத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். பதினெட்டு வயதில் அவருக்கு விவாகம் நடந்தது. அப்பப்பா மலாயாவிலே புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வாலிபர் ஆங்கிலம் படித்ததும் கப்பலேறி மலாயாவுக்குச் செல்வது வழக்கம். மாதந்தோறும் அங்கிருந்து வரும் மணியோடரினாலே கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள், பெண்களுக்குச் சீதனம் சேர்ந்தது. அப்பாச்சியும் கணவருடன் மலாயாவுக்குச் சென்று ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். பிள்ளைகள் ஊரிற் படிக்கவேண்டும் என்பதற்காக 1939ஆம் ஆண்டு மூன்று குழந்தைகளுடன் திரும்பி வந்தார். மூத்தவர் எமது தந்தையார்; அப்போது அவருக்கு ஆறு வயது.

1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்றுடன் மணியோடரும் நின்றது, கடிதமும் நின்றது. மலாயாவை நம்பியிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஒரே நாளிற் கைவிடப்பட்டவை போலாயின. அவ்வாண்டிலேயே பர்மாவும் ஜப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் அரிசியும் குரக்கனும் மரவள்ளிக் கிழங்கும் ஒடியற் கூழுமே பல வீடுகளில் உணவாயின. அப்பாச்சிக்கு அப்போது வயது இருபத்தொன்பது.

இவ்வளவும் எமக்குச் சிறுவயதிலேயே தெரியும். குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். "சண்டைக் காலத்தில் ஆச்சி தோட்டஞ் செய்து பிள்ளைகளை வளர்த்தவ" என்ற ஒரு வாக்கியத்துடன் அந்த நாலு ஆண்டுகளும் முடிந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளே என்ன இருந்தது என்று எம்மில் ஒருவரும் கேட்டதில்லை.

கேட்பதற்கு ஒரு காலம் வந்தது. அது நல்ல காலமன்று.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி மாலை வலிகாமம் முழுவதும் ஊரை விட்டுப் புறப்பட்டதை நேயர்கள் பலர் அறிவர். அவர்களுள் எம்முடன் நடந்தவர்களும் இருக்கக்கூடும். மழை பெய்தது. துவிச்சக்கரவண்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று தீர்மானிக்க எமக்கு ஒரு மணி நேரங்கூட இருக்கவில்லை. அப்பாச்சிக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. அவர் இரண்டு பொருள்களை முற்றத்திற் கொண்டுவந்து வைத்தார். ஒன்று, உறுதிகள் இருந்த சிறிய தகரப் பெட்டி. மற்றையது, பழைய றங்குப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கடிதக் கட்டு. மலாயாவிலிருந்து அப்பப்பா எழுதிய கடிதங்கள்.

குழந்தைக்குப் பால்மா ரின்கள் வைக்க இடம் போதவில்லை. நாமே கடிதக் கட்டை எடுத்து மீண்டும் றங்குப் பெட்டிக்குள் வைத்தோம். "பிறகு வந்து எடுக்கலாம், அப்பாச்சி" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தகரப் பெட்டியை மடியில் வைத்தபடி வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார்.

நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியில் ஓர் உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். அடுத்த நாள் இரவும் அவர் அப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்தே படுத்தார். "அப்பாச்சி, அதுக்குள்ளை அப்பிடி என்னதான் இருக்கு?" என்று நாம் கேட்டோம். உண்மையைச் சொன்னால், சற்றுச் சலிப்புடனேதான் கேட்டோம். அவர் பெட்டியைத் திறந்து, பழுத்த இலைபோல நிறம் மாறிய ஓர் உறுதியை எடுத்து எமது கையில் தந்தார். அது அவருடைய சீதன உறுதி. எட்டுப் பரப்புத் தோட்டக்காணி.

"காசில்லாமல் நாலு வருசம் இருந்தம், மோனை. காணியில்லாமல் இண்டைக்குத்தான் இருக்கிறம்" என்றார். அதன்பின் அவர் சொன்ன கதையை அன்றுவரை நாம் கேட்டதேயில்லை.

1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வீட்டிலிருந்த பணம் தீர்ந்தது. காப்புகள் முதலிற் போயின. பின்னர் அட்டியல் போயிற்று. மிஞ்சியது தாலிக்கொடியும் எட்டுப் பரப்புக் காணியுமே. காணியை விற்பது அல்லது ஈடு வைப்பது என்று முடிவு செய்து, உறுதியை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாண நகரத்துக்கு ஒரு பிரக்கிராசியிடம் சென்றார்.

இவ்விடத்தில் நேயர்களுக்குச் சட்டம் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் 1707ஆம் ஆண்டளவில் எழுத்திலே தொகுக்கப்பெற்ற தேசவழமைப்படி, பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம் அவளுடைய சொத்து. அது கணவனுடையதன்று. எங்கள் பாட்டிமார் படிப்பிற் குறைந்தவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் காணிக்காரிகள். எனினும் விவாக உரிமை, மரபுரிமை பற்றி யாழ்ப்பாணத்தாருக்கென 1911ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற கட்டளைச் சட்டம், கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி மனைவி தன் அசையாச் சொத்தைக் கைம்மாற்றலாகாது என விதித்தது. சொத்து அவளுடையது, கையொப்பம் அவனுடையது. அந்தக் கையொப்பமோ கடலுக்கு அப்பால், ஜப்பானியர் பிடித்த நாட்டில் இருந்தது.

பிரக்கிராசியார் இரக்கமுள்ளவர். அதற்கும் வழியுண்டு என்றார். நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அனுமதி பெறலாம். கணவர் இருக்குமிடம் தெரியாது என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துத் தந்தாற் போதும் என்றார். அப்பாச்சி எழுந்துவிட்டாராம்.

"அவர் இருக்கிற இடம் தெரியாது எண்டு நான் ஏன் ஐயா சத்தியம் பண்ண வேணும்? அவர் மலாயாவிலை இருக்கிறார்."

உறுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீடு வந்தார். மறுநாள் தோட்டத்தில் இறங்கினார். குரக்கனும் மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்தார். துலா மிதிக்க அயலவர் ஒருவரை விளைச்சலிற் பங்கு தருவதாகப் பேசிப் பிடித்தார். விடியப்புறம் இறைப்பு நடக்கையில், மண்வெட்டியுடன் நின்று வாய்க்கால் மாறித் தண்ணீர் கட்டியவர் அவரே. ஊரார் சிலர் தம்மை விதவையாகவே எண்ணிப் பேசியதை அவர் அறிவார். காலையில் தோட்டத்துக்குப் போகுமுன் நெற்றியிற் குங்குமம் இட்டுக்கொண்டே போனதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் சிறிது சிரித்தார்.

1945ஆம் ஆண்டு செப்டெம்பரில் யுத்தம் முடிந்தது. சில மாதங்களின் பின் ஒரு கடிதம் வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டோம். அவருக்கு அது மனப்பாடம். அப்பப்பா தம்மைப் பற்றி எழுதியது ஒரே வரி. தாம் சுகம் என்பது. மற்றதெல்லாம் கேள்விகள். மூத்தவன் எத்தனையாம் வகுப்பு? சின்னவளுக்குப் பல் விழுந்துவிட்டதா? கிணற்றடி மாமரம் காய்த்ததா? "ஒரு ஆள் நாலு வருசத்துக்குப் பிறகு எழுதுற கடிதமே, மோனை, அது?" என்று அப்பாச்சி கேட்டார். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

அந்தக் கடிதந்தான் நாம் விட்டுவந்த கட்டின் மேலே இருந்தது.

அன்றிரவே, பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில், விளக்கு வெளிச்சத்தில், அவர் சொன்னவற்றை எழுதத் தொடங்கினோம். தென்மராட்சியிலிருந்த ஆறு மாதங்களில் மூன்று கொப்பிகள் நிறைந்தன. நாம் எழுதியதை எமது தந்தையாருக்கு வாசித்துக் காட்டியபோது ஒரு புதுமை நிகழ்ந்தது. அவர் திடுக்கிட்டு, "அந்த நாள்தானோ அது!" என்றார். ஒன்பது வயதில் தாயுடன் மாட்டு வண்டிலில் நகரத்துக்குப் போனதும், இனிப்பு வாங்கித் தருவதாகச் சொன்ன தாய் ஒன்றும் வாங்காமல் விறுவிறென்று திரும்பியதும், வழியெல்லாம் தாம் அழுததும் அவர் நெஞ்சில் ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக ஒரு சிறு மனக்குறையாய்க் கிடந்தன. காரணம் தாயிடம் இருந்தது. அழுகை மகனிடம் இருந்தது. ஒரே வீட்டில் வாழ்ந்தும் இரண்டும் அதுவரை சந்திக்கவில்லை.

1996ஆம் ஆண்டு வீடு திரும்பினோம். கூரையில் ஓடு இல்லை. றங்குப் பெட்டியும் இல்லை. அப்பாச்சி எம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அவர் விற்க மறுத்த எட்டுப் பரப்பிலேதான் இன்று எமது வீட்டு மரக்கறித் தோட்டம் இருக்கிறது.

அப்பப்பாவின் கதை எம்மிடம் இல்லை. 1946ஆம் ஆண்டு திரும்பி வந்து, மலாயாப் பென்சனியராக வாழ்ந்து, 1971ஆம் ஆண்டு மறைந்தார். ஜப்பானியர் அச்சடித்த வாழைமரப் படம்போட்ட பத்து வெள்ளி நோட்டுகள் சிலவற்றைக் கொண்டு வந்திருந்தார். செல்லாக் காசான அவற்றை வைத்து நாம் கடை விளையாடினோம். சாப்பிட்ட கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்ச விடமாட்டார். மலாயாவிலிருந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரை ஜப்பானியர் சீயம்-பர்மாப் புகையிரதப் பாதை போடக் கொண்டு சென்றதையும், அவர்களுட் பெருந்தொகையானோர் அங்கேயே மாண்டதையும் பின்னாளிற் புத்தகங்களிற் படித்தோம். புகையிரதப் பகுதியில் இருந்த அவர் எதைக் கண்டார், எதைத் தாங்கினார்? நோட்டைக் காட்டி ஒரு கேள்வி கேட்டிருந்தாற் போதும். நாம் கடை விளையாடிக்கொண்டிருந்தோம்.

ஆகவே, நேயர்களே, உங்கள் வீட்டில் ஒரு மூத்தவர் இருப்பாராயின், இன்றைய ஞாயிற்றுக்கிழமையை அவருக்குக் கொடுங்கள். எப்படிக் கேட்பது என்பதையும் எமது அனுபவத்திலிருந்து கூறுகின்றோம். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல, கஷ்டப்பட்டம்" என்பதுடன் முடித்துவிடுவார்கள். ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். உறுதியோ, பாக்குவெட்டியோ, மங்கிய படமோ, அதுவே அவர்களுக்கு வழி திறக்கும்.

ஆண்டு எதுவென்று கேட்டாலும் பயனில்லை. அவர்கள் சம்பவங்களைக் கொண்டே காலத்தைக் கணக்கிடுபவர்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கிய 1956க்கு முன்னரா பின்னரா என்று கேளுங்கள். 1964 டிசம்பர்ப் புயலின்போது மூத்த பிள்ளை பிறந்துவிட்டதா என்று கேளுங்கள். மட்டக்களப்பில் 1978 நவம்பர்ப் புயல் இருக்கிறது. மலையகத்தில் 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையால் யார் கடல் கடந்தார், யார் நின்றார் என்ற கணக்கு லயந்தோறும் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் வீடுகளிலே, கையில் எதை எடுத்துவர முடிந்தது என்ற கதை இருக்கிறது.

அவர்கள் சொல்லும் சொல்லைத் திருத்தாது அப்படியே எழுதுங்கள். இக்காலத்தில் கைத்தொலைபேசியிலேயே குரலைப் பதிவு செய்யலாம். எனினும் கொப்பியிலும் எழுதி வையுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எமது தந்தையாருக்கு நேர்ந்தது உங்கள் வீட்டிலும் நேரக்கூடும்.

எமது தகரப் பெட்டியில் இன்று சீதன உறுதியும் மூன்று கொப்பிகளும் ஒன்றாக இருக்கின்றன. உறுதி தொலைந்தாற் காணிக் கந்தோரிற் பிரதி எடுக்கலாம். கொப்பிக்குப் பிரதி கொடுக்க எந்தக் கந்தோரும் இல்லையாதலால், சென்ற மாதம் பேரப்பிள்ளைகளைக் கொண்டு அதனைப் பிரதி பண்ணுவித்தோம். எழுதிக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்து, "மாமரம் காய்த்ததோ?" என்று கேட்டாள். எமக்கு விடை தெரியும், அப்பாச்சி சொல்லியிருக்கிறார். அவ்வாண்டு அது நன்றாகக் காய்த்திருந்தது.