இந்த வயசுல ரேஸா? ஒரு டாக்டரின் பதில்



2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர கார் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்ததிலிருந்து, இன்பாக்ஸில் ஒரே மாதிரி கேள்விகள். "டாக்டர், 45 ஆச்சு. கடையைப் பையன் பார்த்துக்கிறான். நானும் டிராக்ல ஓட்டலாமா?" இதற்கு நேர் எதிராக இன்னொரு வகை: "எங்க வீட்டுக்காரர் ரேஸ் ரேஸ்னு அலையறார், நீங்களாவது வேணாம்னு ஒரு போஸ்ட் போடுங்க."

வேண்டாம் என்று போட மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அஜித் லேட்டாக ஆரம்பித்தவர் அல்ல. 2010-லேயே ஃபார்முலா 2 ஓட்டியவர். நடுவில் விட்டதைத் திரும்ப எடுத்திருக்கிறார். அவரை வைத்து நாம் நம்மை அளக்கக் கூடாது. நமக்கு அளவுகோல் வேண்டும் என்றால் பென் கீட்டிங் என்ற ஆளைப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸில் கார் டீலர். பல ஷோரூம்களுக்கு முதலாளி. டாட்ஜ் வைப்பர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை விற்பதில் பெயர் பெற்றவர். விற்பாரே தவிர, முப்பதுகளின் நடுப்பகுதி வரை ரேஸ் ஓட்டியதில்லை. 2006-இல் அவர் மனைவி கிறிஸ்துமஸ் பரிசாக டிராக்கில் கார் ஓட்டும் ஒரு வாய்ப்பை வாங்கிக் கொடுத்தார். (பரிசு கொடுத்தது மனைவி. இன்பாக்ஸ் சகோதரிகள் கவனிக்க.)

அங்கே பிடித்த பைத்தியம்தான். 2015-இல் லெ மான்ஸ் போய்விட்டார். பிரான்சில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம் அது. ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர். ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள், மாறி மாறி, ராத்திரி முழுக்க.

கடைக்காரருக்கு அங்கே எப்படி இடம் கிடைக்கிறது? உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ, ஓட்டுநர்களைப் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று தரம் பிரிக்கிறது. கீட்டிங் மாதிரி அமெச்சூர்கள் பிரான்ஸ். ஜிடிஇ ஆம் என்று ஒரு பிரிவு இருந்தது. அதில் ஒரு பிரான்ஸ் ஓட்டுநர் கட்டாயம். அதோடு லெ மான்ஸில் அவர் குறைந்தது 6 மணி நேரம் ஓட்டியாக வேண்டும். காசு கொடுத்து சீட் வாங்கிவிட்டு, நல்லா ஓட்டுறவரை விட்டு ஓட்டவைத்து, கடைசியில் கோப்பையை மட்டும் தூக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. நீ அமெச்சூர்தான் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் மூன்று பேரில் அந்த அமெச்சூர் எவ்வளவு தேறுகிறார் என்பதுதான் பிரிவின் முடிவையே தீர்மானிக்கும். புரொபஷனல்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகம். வித்தியாசம் இவர்களிடம்தான்.

கீட்டிங் இதைப் புரிந்துகொண்டு உழைத்தார். 2019-இல் தன் சொந்தப் பணத்தில் ஒரு ஃபோர்டு ஜிடியை இறக்கி, பிரிவில் முதலாவதாக வந்தார். பந்தயம் முடிந்து சோதித்தால், எரிபொருள் கொள்ளளவு 96 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 96.1. தகுதி நீக்கம்! அந்த 0.1 லிட்டர் என்பது நான் எழுதிக் கொடுக்கும் இருமல் சிரப் பாட்டில் ஒன்றின் அளவு. வெற்றி அடுத்த காருக்குப் போனது. அந்தக் காரின் அமெச்சூர், சென்டர் ஃப்ரெஷ், மென்டோஸ் தயாரிக்கும் பெர்ஃபெட்டி குடும்பத்து எஜிடியோ பெர்ஃபெட்டி. அவரும் ஒரு முதலாளிதான் பாருங்கள்.

கீட்டிங் திரும்பத் திரும்பப் போனார். 2022-இல் ஆஸ்டன் மார்ட்டினில் பிரிவு வெற்றி, அந்த வருடமே உலகப் பட்டம். 2023-இல் கார்வெட்டில். கார் பழுதாகி ஆரம்பத்திலேயே இரண்டு சுற்று பின்தங்கி, மீண்டு வந்து வெற்றி. மறுபடியும் உலகப் பட்டம். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று.

இப்போது என் துறைக்கு வருகிறேன்.

"வயசானா ரிஃப்ளெக்ஸ் போயிடும்" என்பார்கள். குறையும், உண்மைதான். ஆனால் மெதுவாகத்தான் குறையும். ரேஸ் ஓட்டுவதில் பெரும்பகுதி, அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது. எங்கே பிரேக், எங்கே ஸ்டியரிங், முன்னால் போகிறவன் என்ன செய்வான். அது பயிற்சியால் வரும், 40 வயசு மூளையாலும் கற்றுக்கொள்ள முடியும். நடிகர் பால் நியூமன் நாற்பதுகளில்தான் ரேஸுக்கே வந்தார். 1979-இல் 54 வயதில் லெ மான்ஸில் ஒட்டுமொத்தமாக இரண்டாமிடம். 1995-இல் 70 வயதில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் பிரிவு வெற்றி.

எனக்குப் பயம் ரிஃப்ளெக்ஸ் பற்றியது அல்ல. இதயம் பற்றியது.

"உட்கார்ந்துதானே ஓட்டப் போறேன்" என்று நினைக்காதீர்கள். போட்டியில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டுவது சாதாரணம். மூடிய கார், இன்ஜின் சூடு, நெருப்புத் தாங்கும் உடைகள் அடுக்கடுக்காக, தலையில் ஹெல்மெட். வியர்வையில் நீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். பிரேக் மிதிப்பது ஜிம்மில் லெக் பிரஸ் செய்வது போல. இதை ஒரு மணி நேரம் செய்துபாருங்கள், உட்கார்ந்த வேலையா என்று தெரியும்.

வருடக்கணக்கில் கல்லாவில் உட்கார்ந்தே இருந்துவிட்டு திடீரென்று இந்தச் சுமையை ஏற்றினால், உள்ளே சத்தமில்லாமல் இருக்கும் இதய ரத்தக்குழாய் அடைப்பு அன்றைக்குத்தான் தன்னைக் காட்டும். நம் தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்ற பலரைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் போட்டி லைசென்ஸுக்கு மெடிக்கல் ஃபிட்னெஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். அங்கேதான் கூத்து நடக்கிறது. "சும்மா ஒரு கையெழுத்து டாக்டர், ஃபார்மாலிட்டிதான்." போனில் கேட்கிறார்கள். ஆளையே பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன், கோபித்துக்கொண்டாலும் சரி. 40-ஐத் தாண்டியவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட், கண். குறட்டை விடுகிறவர் என்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்றும் பார்ப்பேன். பகலில் கண் சொக்குகிறவரை டிராக்குக்கு அனுப்ப முடியாது. இதெல்லாம் சரியாக இருந்தால், சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவேன்.

கண்ணை மூடிக்கொண்டு "வேணாம், வயசாச்சு" என்று சொல்லும் என் சக மருத்துவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. டெஸ்ட் எடுத்து, நடக்கவைத்து, எடையைக் குறைக்கவைத்து அனுப்ப இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? "வாக்கிங் போங்க" என்று பத்து வருடம் சொல்லியும் அசையாதவர், டிராக் என்றதும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நிற்கிறார்.

ஆபத்து இல்லையா? இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2013 லெ மான்ஸில் இதே பிரிவில் ஓட்டிய ஆலன் சைமன்சன் பந்தயத்தின் ஆரம்பத்திலேயே மோதி இறந்தார். வயது 34. அனுபவசாலி. அதனால்தான் குடும்பத்துக்குத் தெரியாமல் போகாதீர்கள் என்கிறேன். இன்சூரன்ஸ் பாலிசியில் ரேஸுக்கு கவர் உண்டா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

"அதெல்லாம் காசுக்காரன் விளையாட்டு டாக்டர்." ஆமாம், லெ மான்ஸ் காசுக்காரன் விளையாட்டுதான். மறுக்க மாட்டேன். ஆனால் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் டிராக் இருக்கிறது, கோ-கார்ட் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள், பயிற்சியாளரோடு. ஈசிஆரில் நடுராத்திரி ஓட்டுவதற்குப் பெயர் ரேஸ் இல்லை. அந்த கேஸ்களை நாங்கள் எமர்ஜென்சி வார்டில் பார்க்கிறோம்.

கடைசியாக, அதிகம் வந்த கேள்வி: "எனக்கு சுகர் இருக்கே?" சார்லி கிம்பல் என்ற அமெரிக்க ஓட்டுநருக்கு 2007-இல் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே இண்டிகார் ஓட்டினார். சர்க்கரை அளவு கண்ணுக்கு முன்னால் தெரியும்படி காரில் மானிட்டர், குடிக்க இரண்டு பாட்டில்: ஒன்றில் தண்ணீர், ஒன்றில் இனிப்புப் பானம், அளவு இறங்கினால் குடிக்க. 2013-இல் மிட்-ஒஹாயோ பந்தயத்தில் ஜெயித்தார். ஆகவே சுகர் இருப்பது தடை இல்லை, கட்டுப்பாட்டில் இல்லாத சுகர்தான் தடை. ஹெச்பிஏ1சி 9, 10 என்று வைத்திருப்பவர்கள் முதலில் அதை இறக்குங்கள். மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டோடு நேரில் வாருங்கள், சான்றிதழ் பற்றி அப்போது பேசுவோம்.